கடிவாளம் யார் கையில்?



கடம்பத்தூரில் இஷாத் தொழுகைக்குப் பின், வளர்ந்த பிள்ளைகளுக்காக வாரம் இருமுறை ஃபிக்ஹ் வகுப்பு நடத்தி வருகிறேன். வருபவர்களுள் பாதிப் பேர் பகலெல்லாம் ஐ.டி.ஐ.யிலோ தொழிற்சாலைகளிலோ நின்றுவிட்டு, மின்சார ரயிலில் வந்திறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு நேராகப் பள்ளிவாசலுக்கு வருபவர்கள். கண்களில் தூக்கம் இருக்கும், கேள்விகளில் இருக்காது. சென்ற மாதம் நாங்கள் படித்துக்கொண்டிருந்தது, கால்நடைகளால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற பாடம். ஒட்டகமும் கோவேறு கழுதையும் வருகின்ற பாடம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது, விரைவாகக் கடந்துவிடலாம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

தானாகத் திரியும் வாயில்லாப் பிராணி ஏற்படுத்தும் காயத்துக்கு ஈடு கோர முடியாது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. அதை விளக்கி முடித்ததும் ஒரு மாணவர் கையை உயர்த்தினார்.

“ஹஜ்ரத், பூந்தமல்லி மெட்ரோவுக்கு வந்திருக்கும் ரயிலில் டிரைவரே கிடையாதாம். அது யாரையாவது இடித்துவிட்டால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வருமா? யாரும் ஓட்டவில்லையே!”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் விளையாட்டாகக் கேட்டாலும், ‘யாரும் ஓட்டவில்லையே’ என்ற அந்தச் சொல், நாளை ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நின்று சொல்லக்கூடிய சொல். அடுத்த வகுப்பில் பதில் தருவதாகச் சொல்லி அன்று பாடத்தை முடித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை, அந்தப் பதிலைத் தேடியபோது எனக்குப் பட்டவை.

முதலில் சட்ட நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். மேற்சொன்ன நபிமொழியை நம் இமாம்கள் தனித்து நிறுத்திப் படிக்கவில்லை. பிராணியோடு ஒரு மனிதர் இருந்தால் நிலைமை வேறு என்றார்கள். மேலே ஏறி வருபவர், முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்துச் செல்பவர், பின்னாலிருந்து ஓட்டிச் செல்பவர் ஆகிய மூவரையும் தனித்தனியாகப் பெயரிட்டு, அவர்களின் பொறுப்பை விவரித்தார்கள். ஹனஃபி நூலான ஹிதாயாவில் இந்தப் பகுதி மிக நுட்பமானது. ஏறி வருபவரின் பிராணி ஒருவரை மிதித்தாலோ கடித்தாலோ அவர் பொறுப்பேற்க வேண்டும். ஓடும்போது பின்னங்காலால் உதைத்துவிட்டால் பொறுப்பில்லை. ஏனெனில் முன்னால் நடப்பதைப் பார்த்துத் தவிர்க்க அவரால் முடியும். ஓடும் பிராணியின் பின்னங்காலைத் தடுக்க முடியாது. ஆனால் அதே பிராணியை அவர் பொதுவழியில் நிறுத்தி வைத்து, அப்போது அது உதைத்தால், அந்த உதைக்கும் அவரே பொறுப்பு. வழியில் நிறுத்தாமல் இருந்திருக்கலாம் அல்லவா? இரவில் விளக்கில்லாமல் நெடுஞ்சாலை ஓரம் லாரியை நிறுத்துபவர்கள் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும் என்று அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது. ஒருவரின் ஒட்டகம் இன்னொருவரின் தோட்டத்தில் புகுந்து பாழாக்கியபோது நபி (ஸல்) அவர்கள் வழங்கிய தீர்ப்பை அபூதாவூதும் முவத்தாவும் பதிவு செய்துள்ளன. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை. இரவில் கால்நடையைக் கட்டிவைப்பது அதன் உரிமையாளரின் கடமை. ஆகவே இரவில் நேர்ந்த சேதத்துக்கு உரிமையாளர் ஈடு தரவேண்டும் என்பது அதன் சாரம். அல்அன்பியா அத்தியாயத்தில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) ஆகியோர் விசாரித்ததாகச் சொல்லப்படும் வழக்கும், இரவில் வயலில் புகுந்து மேய்ந்த ஆடுகளைப் பற்றியதுதான்.

இந்த இரவு வழக்குகளில் ஆட்டின்மீதோ ஒட்டகத்தின்மீதோ எவரும் ஏறி அமர்ந்திருக்கவில்லை. உரிமையாளர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். இருந்தும் பொறுப்பு அவரைத் தேடிச் சென்றது. ஆக, மனிதர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்து ஷரீஅத் பொறுப்பை நிர்ணயிக்கவில்லை. அந்த நேரத்தில் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஆற்றலும் கடமையும் யாரிடம் இருந்தன என்றே கேட்டது. ஓட்டுநர் இல்லாத ரயில், உரிமையாளர் இல்லாத ரயில் ஆகிவிடாது. என் மாணவருக்கான முதல் பதில் இதுவே.

இனி அந்த ரயிலுக்கு வருவோம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு வாங்கப்படும் மூன்று பெட்டி ரயில்கள், ஓட்டுநர் இன்றி ஓடும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. அவற்றுள் முதல் ரயில் நமக்கு அந்நியமான இடத்தில் உருவானதில்லை; கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில், அல்ஸ்டாம் நிறுவனத்தின் தொழிற்சாலையில் கட்டப்பட்டு, 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது. 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே சோதனை ஓட்டம் நடந்தது. இந்தியாவில் இது முதல் முயற்சியும் அன்று. டெல்லி மெட்ரோவின் மஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பர் 28 அன்றே ஓட்டுநர் இல்லாத ரயில் சேவை தொடங்கிவிட்டது. ஓட்டுநர் இன்றி ரயிலை இயக்கப் பழைய விதிகளில் இடமில்லாததால், அதற்கு முன்பாக மெட்ரோ ரயில் பொது விதிகளைத் திருத்த வேண்டியிருந்தது. தொடக்கத்தில் வண்டிக்குள் ஓர் உதவியாளரும் உடன் பயணித்தார்.

அந்த மஜந்தா வழித்தடத்தின் தொடக்கத்திலேயே ஒரு படிப்பினை இருக்கிறது. 2017 டிசம்பர் 19 அன்று, காளிந்தி குஞ்ச் பணிமனையில் அந்த வகை ரயில் ஒன்று பின்னோக்கி உருண்டு சென்று சுற்றுச்சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. பயணிகள் எவரும் இல்லை. எவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். தானியங்கி மூளை தவறு செய்துவிட்டது என்று பலர் பேசினார்கள். விசாரணையில் தெரிந்ததோ வேறு. பராமரிப்புப் பணியின்போது விடுவிக்கப்பட்ட பிரேக்குகளை மீண்டும் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள். அதிகாரிகள் நால்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து மனிதரை எழுப்பிவிட்டாலும், பணிமனையிலும் கட்டுப்பாட்டு அறையிலும் கணினிக்கு நிரல் எழுதும் மேசையிலும் மனிதரே இருக்கிறார். கயிறு நீண்டிருக்கிறது, அறுந்துவிடவில்லை.

அந்தக் கயிற்றைச் சோதிப்பவர் யார்? இதைப் பற்றி நம் மக்களுள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் இயக்கம் மற்றும் பராமரிப்புச் சட்டத்தின்படி, மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் நேரில் ஆய்வு செய்து, மக்களுக்கு ஆபத்தின்றி இதைத் திறக்கலாம் என்று அறிக்கை தந்த பின்னரே ஒரு வழித்தடத்தில் பயணிகளை ஏற்ற முடியும். நாம் செல்லும் சாதாரண ரயில்களுக்கும் இதேபோன்ற பாதுகாப்பு ஆணையர் இருக்கிறார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! கேட்பதற்கு விந்தையாக இருக்கும். ரயிலை ஓட்டுபவரே ரயிலின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று கொடுத்தால் அந்தச் சான்றுக்கு மதிப்பிருக்காது என்பதற்காக, 1941ஆம் ஆண்டிலேயே அந்த அதிகாரிகளை ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்து வேறு துறையின் கீழ் வைத்தார்கள். வெள்ளையர் ஆட்சி விட்டுச் சென்றவற்றுள் பாராட்டத்தக்க சிலவற்றில் இதுவும் ஒன்று.

நம் வரலாற்றில் இதற்கு நெருங்கிய உறவினர், சந்தைகளைக் கண்காணித்த முஹ்தஸிப். தராசையும் பாலில் தண்ணீரையும் பார்ப்பவர் என்று மட்டுமே நம்மில் பலர் அவரை அறிவோம். ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்ற நூலில் முஹ்தஸிபின் கடமைகளை விவரிக்கும்போது, தாங்கும் அளவுக்கு மேல் கப்பலில் ஏற்றவிடாமல் தடுப்பதையும், காற்று பலமாக இருக்கும்போது பயணம் புறப்படவிடாமல் தடுப்பதையும் சேர்த்திருக்கிறார்கள். கப்பல் உரிமையாளர் திறமைசாலியா, அவருக்கு இழப்பு ஏற்படுமா என்பவற்றை முஹ்தஸிப் பார்க்க வேண்டியதில்லை. அதில் ஏறுபவருக்குக் கடலைப் பற்றித் தெரியாது. அவருக்காகத் தெரிந்தவர் ஒருவர் கரையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அரசாங்கத்தின் பாதுகாப்பு விதிகளை, தொழிலை முடக்கும் சிவப்பு நாடா என்று ஏளனம் செய்யும் நம் வியாபாரச் சகோதரர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

‘எல்லாம் கத்ரின்படி நடக்கும், இதில் விதிமுறை எதற்கு’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி சொல்லப்பட்ட நபிமொழியைத் திர்மிதியில் படித்த பிறகும் அவர்கள் கேட்டால், அவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

இங்கே என் கருத்துக்கு எதிரான நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மனிதர் கையில் இருந்தால் பாதுகாப்பு, எந்திரத்தின் கையில் போனால் ஆபத்து என்ற எண்ணம் நம்மிடம் இயல்பாக இருக்கிறது. நம் நாட்டுச் சாலைகளில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 1.7 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அவ்வாகனங்களை ஓட்டியவர்கள் மனிதர்கள்தாம். 2025 ஜூலை 8 அன்று காலை, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் ஒன்று ரயில் பாதையைக் கடந்தபோது, பயணிகள் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். சீருடையோடு புறப்பட்ட பிள்ளைகள். அந்த கேட்டில் பணியாளர் இருந்தார். சிக்னலோடு பிணைக்கப்பட்ட பூட்டு இல்லை. பிணைப்பு இருக்கும் கேட்டில், கேட் மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். காவலர் மறந்தாலும் கண்ணயர்ந்தாலும் ரயில் சிவப்பில் நிற்கும். அங்கே குழந்தைகளுக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்தது ஒரு மனிதரின் நினைவாற்றல் மட்டும்தான். எந்திரம் வந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று இருந்திருக்கக்கூடும். அவரைக் கைது செய்தார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மனிதரின் மறதியைத் தாங்கிக்கொள்ள எந்த ஏற்பாடும் இல்லாத கேட்டை அத்தனை ஆண்டுகள் அப்படியே விட்டுவைத்தவர்களை மறுமையின் கேள்வி கணக்கு விட்டுவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியை நம் மாவட்டமே பார்த்திருக்கிறது. 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து தர்பங்கா செல்லும் பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டை நிலையத்தில், முதன்மைப் பாதைக்குப் பச்சை விளக்கு இருந்தும், கிளைப் பாதையில் புகுந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பெட்டிகள் சரிந்து கிடந்த படங்களைப் பார்த்தவர்கள், எத்தனை ஜனாஸாக்களோ என்று பதறினோம். காயமடைந்தவர்கள் உண்டு, ஓர் உயிர்கூடப் போகவில்லை. லோகோ பைலட் நொடியில் அவசர பிரேக்கைப் போட்டதே பெரும் சேதத்தைத் தவிர்த்தது என்று ரயில்வே அதிகாரிகள் பாராட்டினார்கள். தண்டவாள மாற்றுப் பகுதியின் உறுப்புகளை யாரோ வேண்டுமென்றே கழற்றியிருந்தனர் என்ற முடிவுக்குப் பாதுகாப்பு ஆணையர் வந்ததாகப் பின்னர் செய்திகள் வெளியாயின. சிக்னல் சொன்னது ஒன்று, தண்டவாளம் கொண்டுசென்றது வேறொன்று. அந்த இடைவெளியில் நின்றது ஒரு மனிதரின் கை.

ஆகவே எந்திரமா மனிதரா என்று கேட்பது எனக்குப் பயனுள்ள கேள்வியாகத் தோன்றவில்லை. மனிதரின் மறதியை எந்திரம் தாங்கட்டும். எந்திரம் அறியாததை மனிதர் பார்க்கட்டும். ஆனால் ‘மனிதர் பார்த்துக்கொள்வார்’ என்று எழுதிவைக்கும்போது, அந்த மனிதருக்கு என்ன கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். என் அச்சம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், 2018 மார்ச் 18 இரவு, உபர் நிறுவனம் சோதனை செய்துவந்த தானியங்கிக் கார், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. தானாக ஓடும் கார் ஒன்று பாதசாரியைக் கொன்ற முதல் நிகழ்வு அது. காருக்குள் மேற்பார்வைக்கு ஒருவர் இருந்தார். அவர் சாலையைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமானிதத்தில் தவறியவர் அவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தெரியவந்தவற்றையும் பாருங்கள். மோதலுக்கு ஐந்து நொடிகளுக்கும் முன்பே கருவி அந்தப் பெண்மணியைக் கண்டுவிட்டது; வாகனமோ, மிதிவண்டியோ, வேறு ஏதோ பொருளோ என்று மாற்றி மாற்றி முடிவு செய்துகொண்டிருந்ததே தவிர, சாலையைக் கடக்கும் மனிதர் என்று அறியவில்லை. காரைத் தயாரித்த நிறுவனம் பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதி, உபரின் கணினி ஓட்டும்போது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆபத்து நெருங்குவதை உள்ளிருப்பவருக்கு எச்சரிக்கும் ஏற்பாடும் இல்லை. முன்பு காரில் இருவர் இருந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் அதை ஒருவராகக் குறைத்திருந்தார்கள். முடிவில் அந்த மேற்பார்வையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2023இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். நிறுவனத்தின்மீது குற்றவழக்கே போடப்படவில்லை.

ஹிதாயாவின் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். எதைத் தவிர்க்க முடியுமோ அதற்கே பொறுப்பு. பிரேக்கை அணைத்தவர் தவிர்த்திருக்கலாம். எச்சரிக்கை மணி வைக்காதவர் வைத்திருக்கலாம். இருவரை ஒருவராக்கியவர் ஆக்காமல் இருந்திருக்கலாம். முதலிலிருந்து இறுதிவரை கடிவாளத்தைப் பிடித்திருந்தவர்கள் அவர்கள். ஆயினும் ஏறி அமர்ந்திருந்தவர் ஒருவர் கண்ணுக்குத் தெரிந்ததால் சுமை முழுவதும் அவர் தலையில் இறங்கியது. மனித மேற்பார்வை என்ற அழகான சொல், பழிக்கு ஓர் ஆளைத் தயாராக வைத்திருப்பது என்ற பொருளுக்கு எத்தனை எளிதில் மாறிவிடுகிறது!

இது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று விட்டுவிட முடியாதபடி, என்னிடம் வந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். என்னிடம் ஓதும் ஒரு பிள்ளையின் தந்தை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவருடைய வண்டியில் இப்போது அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது. கொட்டாவி விட்டால், கண் மூடினால், கைப்பேசியை எடுத்தால், ‘பீப்’ என்று கத்துகிறது. அலுவலகத்துக்கும் செய்தி போகிறது. நல்ல கருவிதான். பெரிய வாகனங்களில் இப்படிப்பட்ட கருவிகளைக் கட்டாயமாக்க ஒன்றிய அரசும் வரைவு விதிகளை வெளியிட்டிருக்கிறது. நான் அதை வரவேற்கிறேன்.

ஆனால் அந்தச் சகோதரர் என்னிடம் வந்தது ஃபத்வா கேட்டு. “ஹஜ்ரத், கேமராவுக்குத் தெரியாம இருக்க ராத்திரியிலும் கூலிங் கிளாஸ் போட்டுக்கிறேன். இது ஏமாத்து வேலைதானே? என் சம்பளம் ஹலாலா?” என்று கேட்டார். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்றேன். ஒவ்வொரு பீப்புக்கும் அவருடைய சம்பளத்தில் பிடிக்கிறார்களாம். துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் பதினாறு மணி நேரம்கூடச் சில நாட்களில் வண்டியிலேயே கழிகிறது. அத்தனை நேரம் விழித்திருப்பவரின் கண் மூடாதா?

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று பொதுவான வரம்பு விதித்தது. மோட்டார் வாகனச் சட்டமும் அந்த வரம்பைத்தான் சுட்டுகிறது. அறுபதாண்டு கடந்தும் அந்த விதியை நிறைவேற்றாமல் விட்டுவிட்டு, அவர் தூங்குகிறாரா என்று பார்க்கக் கேமரா வைக்கிறோம். அவர் சோர்வடைந்திருக்கிறார் என்று கருவி உண்மையைச் சொல்கிறது. அந்த உண்மையைக் கேட்டு வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டிய மனிதர், அதைக் கேட்டுச் சம்பளத்தைப் பிடிக்கிறார். இங்கே பழுதடைந்திருப்பது கேமராவா?

அவருக்கு நான் சொன்ன பதில்: கண்ணாடி அணிவது தவறு, சாலையில் உள்ள பிறரின் உயிர் அதில் இருக்கிறது, உடனே கழற்றிவிடுங்கள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரமாக, விளக்கெரியப் பாதுகாப்பாக நிறுத்துங்கள். அதற்காகப் பிடிக்கப்படும் பணம் உங்களுக்கு இழைக்கப்படும் அநீதி. சொல்லிவிட்டேன். சொல்வது எனக்கு எளிது. மாதக் கடைசியில் அவர் வீட்டு வாடகையை நான் கட்டப்போவதில்லை.

தானாக ஓடும் கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி பலமுறை சொல்லியிருக்கிறார். ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்பது அவர் கூறும் காரணம். ஓட்டுநர் குடும்பங்கள் நிறைந்த நம் சமுதாயத்துக்கு அது ஆறுதலான சொல்லே. ஆனால் அமைச்சரின் வாக்குறுதி சட்டமாகாது. பாதையின் நடுவில் தானே நிலைநிறுத்திக்கொள்ளும், முன்வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் கார்கள் ஏற்கனவே நம் சாலைகளில் ஓடுகின்றன. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படம் எடுத்துப் போடும் இளைஞர்களையும் பார்க்கிறோம். பிரிட்டன் 2024இல் தனிச்சட்டம் இயற்றியது. அனுமதி பெற்ற வாகனம் தானே ஓட்டும் நேரத்தில் ஓட்டும் முறையில் குற்றம் நேர்ந்தால் உள்ளே அமர்ந்திருப்பவர் பொறுப்பில்லை, அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு என்று அது எழுதிவைத்தது. ஜெர்மனியின் 2021 சட்டம், ஓட்டுநர் இல்லாத வண்டிக்குத் தொலைவிலிருந்து கண்காணித்து நிறுத்தக்கூடிய ஒரு மனிதரைக் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியாவில் 2023 அக்டோபரில், குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சி ஒரு பெண்ணை இழுத்துச் சென்ற பின்னர், காணொளியை முழுமையாகக் காட்டவில்லை என்பதையும் காரணமாகச் சொல்லி அரசு அதன் அனுமதியை நிறுத்தி வைத்தது. நம் நாட்டிலோ, ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர் இருக்கையில் இருக்கிறார் என்ற அனுமானத்தின் மேலேயே மோட்டார் வாகனச் சட்டம் நிற்கிறது. அந்த அனுமானம் கலைந்துகொண்டிருக்கும்போது, சட்டத்தை எழுதுவது விபத்துக்கு முன்பா, பின்பா?

எழுதும்போது மேற்பார்வையாளரின் பக்கத்தையும் எழுத வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் எத்தனை வண்டிகளைப் பார்க்கலாம், எத்தனை மணி நேரம் பார்க்கலாம், மேலதிகாரியைக் கேட்காமல் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா, நிறுத்தியதற்காக அவர்மேல் நடவடிக்கை வராது என்ற பாதுகாப்பு உண்டா? பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அறிக்கைகளும் பத்திரிகைக்காரர்கள் தேடி எடுத்தால்தான் மக்களுக்குத் தெரிகிறது என்ற நிலை மாறி, தமிழிலேயே வெளியாக வேண்டும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் சேதத்துக்குப் பொறுப்பாவார் என்ற நபிமொழியின் கருத்து அபூதாவூதில் இருக்கிறது. சோதிக்காத நிரலைச் சாலையில் இறக்குபவரையும் அந்த வரிசையில் வைக்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆலிம்களுள் அறிவிற்சிறந்தவர்கள் இதை ஆராய்ந்து சொல்லட்டும்.

அடுத்த வகுப்பில் இவற்றைச் சுருக்கிச் சொன்னபோது, அந்த மாணவர் விடவில்லை. “அப்படியென்றால் ஹஜ்ரத், லாரி ஓட்டுபவர் தூங்கி யாரையாவது இடித்தால், ஓனருக்கும் பங்கு உண்டா?” என்றார். மறுமையைக் கேட்டால் உண்டு என்றுதான் நான் நம்புகிறேன், உலக நீதிமன்றத்தின் தீர்ப்பு எப்படி அமைந்தாலும், என்றேன். வகுப்பில் இருந்த பிள்ளைகளுள் இருவர் லாரி உரிமையாளர்களின் மக்கள். அவர்கள் தலை குனிந்திருந்தது என் மனத்தை உறுத்தியது.

எனவே அவ்வுரிமையாளர்களுள் ஒருவரை ஜும்ஆவுக்குப் பின் சந்தித்துப் பேசினேன். அவரும் தம் ஓட்டுநர்களுக்குப் பீப்புக்குப் பணம் பிடிப்பவர்தான். நல்ல மனிதர், ஸகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். பிடித்தம் செய்வதை நிறுத்திவிடுகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவது ஓட்டுநரை வைப்பது பற்றிக் கேட்டபோது மௌனமானார். “வைத்தால் என் வாடகை ஏறும், ஹஜ்ரத். கம்பெனிக்காரன் பக்கத்து வண்டிக்காரனிடம் போய்விடுவான்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லா வண்டிக்காரர்களும் சேர்ந்து வைத்தால் என்ன என்று கேட்டேன். மற்றவர்களையும் கூப்பிடுங்கள், பேசிப் பார்க்கலாம் என்றார்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் கூடுகிறோம். உரிமையாளர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுநர்களும் வரவேண்டும், அன்று இரவு டிரிப் உள்ளவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களையாவது அனுப்பி வையுங்கள்.